பெரியசாமித் தூரன்

ம. ப. பெரியசாமித் தூரன் (செப்டெம்பர் 26, 1908 - சனவரி 20, 1987) தமிழ் எழுத்தாளர், கவிஞர், பள்ளி ஆசிரியர், இசைப் பாடலாசிரியர், கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியர் ஆவார். பெ. தூரன் என்ற பெயரிலும் இவர் அறியப்படுகிறார். தமிழில் வெளியான முதல் நவீன கலைக்களஞ்சியத்துக்கும், அதனை அடுத்துச் சிறுவர்களுக்கென வண்ணப் படங்களுடன் வெளியான குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கும் இவரே முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தார். முன்னது 10 தொகுதிகள். பின்னதும் 10 தொகுதிகள். இவ்விரு பணிகளும் சேர்ந்து இவர் வாழ்நாளில் ஏறத்தாழ 30 ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. இசை மேடைகளில் பாடப்படும் பாடல்களால் பரவலாக அறியப்பட்டாலும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு சிறுவனும் சிறுமியும் உலகத்தை அறிந்துகொள்ள வழி செய்ததே இவருடைய மிகப் பெரிய பணி எனலாம்.

பிறப்பும் கல்வியும்

தூரன் இன்றைய ஈரோடு மாவட்டத்தில் மொடக்குறிச்சிக்கு அருகிலுள்ள மஞ்சக்காட்டு வலசு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் அப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தந்தை பழனிவேலப்பக் கவுண்டர், தாய் பாவாத்தாள். பெயரின் முன்னுள்ள ம., ப. என்னும் எழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிக்கின்றன. தூரன் என்பது கொங்கு வேளாளரிடையே வழங்கும் குலப் பெயர்களுள் ஒன்று. அதனையே இவர் தம் எழுத்துப் பெயராகவும் கொண்டார்.

பள்ளிக் கல்வியை ஈரோட்டுப் பகுதியில் முடித்தபின் சென்னைக்குச் சென்று கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இவர் பயின்ற பாடம் கணிதம். கல்லூரி நாட்களில் நண்பர்களுடன் சேர்ந்து பித்தன் என்ற இதழை நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபாடு கொண்டிருந்த இவர், 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை அடுத்துப் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுத மறுத்தார். பட்டத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் பிற்காலத்தில் முடித்தார்.

கணிதமும் அறிவியலும் பயின்ற ஒருவர் தமிழ் இலக்கியத்திலும் நாட்டுப்புறப் பாடல்களிலும் ஆர்வம் கொண்டிருந்தது அக்காலத்தில் அரிதாகவே காணப்பட்டது. பின்னாளில் வானியல், விலங்கியல், வரலாறு, இசை எனப் பல துறைக் கட்டுரைகளை ஒரே மேசையில் வைத்துத் திருத்தும் பொறுப்பு இவரிடம் வந்தபோது இந்த இரட்டைப் பயிற்சி பெரிதும் உதவியது.

ஆசிரியப் பணி

கோபிசெட்டிபாளையத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்த தூரன், பின்னர் கோயம்புத்தூர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் சேர்ந்தார். இக்கல்வி நிலையம் 1930 இல் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களால் தொடங்கப்பட்டது. காந்தியக் கொள்கைகளையும் தாய்மொழிக் கல்வியையும் அடிப்படையாகக் கொண்டு இது வளர்ந்தது. மாணவர் தங்கிப் படிக்கும் பள்ளியாதலால் வகுப்பறைக்கு வெளியிலும் ஆசிரியர் குழந்தைகளுடன் பழக நேர்ந்தது. இங்கு ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் தூரன் பணியாற்றினார். 1939 இல் காளியம்மாளை மணந்தார்.

அக்காலத்தில் சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தாய்மொழியில் கற்பிக்கும் முறை பரவத் தொடங்கியிருந்தது. அறிவியல் பாடத்தைத் தமிழில் நடத்தப் போதிய கலைச்சொற்கள் இல்லை. பாடநூலைத் தாண்டி ஒரு மாணவன் எதையேனும் அறிய விரும்பினால் எடுத்துப் பார்க்கத் தமிழில் நூல் இல்லை. ஆங்கிலம் நன்கு படிக்கக் கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த வாய்ப்பு மற்றவர்களுக்கு இல்லாத நிலையை ஆசிரியர் என்ற முறையில் தூரன் நேரில் கண்டார்.

குழந்தை உளவியல் நூல்கள்

தமிழில் உளவியலைப் பொதுவாசகர்களுக்கு எழுதிய முன்னோடிகளுள் தூரனும் ஒருவர். குழந்தை உள்ளம், குமரப் பருவம், தாழ்வு மனப்பான்மை, அடிமனம், மனமும் அதன் விளக்கமும், மனம் என்னும் மாயக் குரங்கு ஆகியவை இத்துறையில் இவர் எழுதிய நூல்கள். மரபியல் பற்றிப் பாரம்பரியம் என்ற நூலையும், கருவின் வளர்ச்சி பற்றிக் கருவில் வளரும் குழந்தை என்ற நூலையும் எழுதினார்.

இந்நூல்களுக்கு இரு வகைச் சிறப்புகள் உண்டு. முதலாவதாக, அறிவியல் செய்திகளைப் பிறமொழிச் சொற்கள் மிகாமல் எளிய உரைநடையில் சொல்லும் பயிற்சியை இவை தூரனுக்கு அளித்தன. இரண்டாவதாக, குழந்தையைச் சிறிய அளவிலான பெரியவர் என்று கருதாமல், தனக்கென அறியும் முறையைக் கொண்ட ஒருவர் என்று கருதும் பார்வை இவற்றில் காணப்படுகிறது. பிற்காலத்தில் பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியம் ஒன்று கையில் இருந்தபோதும், குழந்தைகளுக்கு வேறொன்று தனியாகத் தேவை என்ற முடிவுக்கு இப்பார்வை இசைவாக அமைந்தது.

பாரதியார் எழுத்துகளைத் தொகுத்தல்

சுப்பிரமணிய பாரதியார் சுதேசமித்திரன் இதழில் எழுதியவற்றுள் பல, நூலாகத் தொகுக்கப்படாமல் பழைய இதழ்க் கோப்புகளிலேயே கிடந்தன. தூரன் அக்கோப்புகளைத் தேடிப் படித்து, பாரதியாரின் எழுத்துகளைப் படியெடுத்து, கால வரிசையில் தொகுத்தார். இத்தொகுப்பு 1953 இல் பாரதி தமிழ் என்ற பெயரில் வெளிவந்தது. பாரதி ஆய்வில் கால வரிசைப் பதிப்புக்கு வழிகாட்டிய நூல்களுள் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. பாரதியின் படைப்புகளைப் பல கோணங்களில் விளக்கும் சிறு நூல்களையும் தூரன் எழுதியுள்ளார். அவற்றுள் பாரதியும் பாப்பாவும் என்பது குழந்தைகளைப் பற்றிய பாரதியின் நோக்கை ஆராய்வது.

தமிழ்க் கலைக்களஞ்சியம்

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம், 1946 இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் உருவாக்கும் திட்டத்தை இக்கழகம் மேற்கொண்டது. வித்யாலயத்தில் தூரனின் பணியை அறிந்திருந்த அவினாசிலிங்கம், இத்திட்டத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். 1948 இல் தூரன் இப்பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 40.

இதற்கு முன்பும் தமிழில் அகரவரிசைப் பொருட்களஞ்சியங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை இயற்றிய அபிதான கோசம் 1902 இலும், ஆ. சிங்காரவேலு முதலியார் இயற்றிய அபிதான சிந்தாமணி 1910 இலும் வெளிவந்தன. இவை தனியொருவர் உழைப்பில் உருவானவை. புராணம், இலக்கியம், சமயம் ஆகியவற்றுக்கு முதன்மை அளிப்பவை. பல துறை வல்லுநர்கள் தத்தம் துறையில் எழுத, பதிப்புக் குழு ஒன்று அவற்றைச் சீர்செய்து வெளியிடும் நவீன முறை தமிழுக்குப் புதியது. மராத்தியில் சிறீதர் வெங்கடேச கேத்கர் 1920களில் 23 தொகுதிகளாக வெளியிட்ட ஞானகோசம், வங்காளத்தில் நாகேந்திரநாத் பாசு வெளியிட்ட விசுவகோசம் ஆகியவை இந்திய மொழிகளில் முன்மாதிரிகளாக இருந்தன.

இப்பணியில் எழுந்த சிக்கல்கள் பல. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

- தலைப்புத் தேர்வு: உலகப் பொதுவான செய்திகள் எவை, தமிழருக்குத் தனியாக வேண்டியவை எவை என வரையறுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலக் களஞ்சியம் ஒன்றை மொழிபெயர்த்தால் தமிழ் இலக்கியமும் தென்னாட்டுச் செடி கொடிகளும் இடம் பெறா.
- கலைச்சொல்: ஒரே கருத்துக்குத் துறைதோறும் வெவ்வேறு சொல் வழங்கியது. தூய தமிழ்ச் சொல்லா, வழக்கிலுள்ள வடசொல்லா, பன்னாட்டுச் சொல்லா என ஒவ்வோர் இடத்திலும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.
- எழுத்தாளர்: துறை அறிவு உடையவர்களுள் பலர் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியவர்கள். அவர்களது கட்டுரைகளைத் தமிழாக்குவதும், தமிழாக்கியவற்றைப் படிக்கத்தக்க நடைக்குக் கொணர்வதும் பதிப்புக் குழுவின் வேலையாயிற்று.
- அகரவரிசை: தொகுதிகள் எழுத்து முறைப்படி வெளிவருவதால் ஒரு கட்டுரை தாமதமானால் அத்தொகுதி முழுவதும் நிற்கும்.

முதல் தொகுதி 1954 இல் வெளியானது. அதாவது, முதல் நூல் கைக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் அடிப்படைப் பணிகளிலேயே கழிந்தன. ஒன்பதாம் தொகுதி 1963 இல் வெளிவந்தது. விடுபட்டவற்றையும் புதியவற்றையும் கொண்ட பத்தாம் தொகுதி, இணைப்புத் தொகுதியாக 1968 இல் வெளிவந்தது. ஒவ்வொரு தொகுதியும் ஏறத்தாழ 750 பக்கங்கள் கொண்டது. இம்முயற்சியின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கதை என்ற நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

குழந்தைகள் கலைக்களஞ்சியம்

இருபது ஆண்டுப் பணி நிறைவெய்திய 1968 ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளியானது. பத்தாம் தொகுதி 1976 இல் வெளிவந்தது. இதனையும் தமிழ் வளர்ச்சிக் கழகமே வெளியிட்டது. தூரனே முதன்மைப் பதிப்பாசிரியர். பணி நிறைவுற்றபோது அவர் 68 வயதை எட்டியிருந்தார்.

உலகப் பின்னணி

படங்களின் வழியாக உலகத்தைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யும் நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. செக் நாட்டுக் கல்வியாளர் யோன் அமோசு கொமேனியசு 1658 இல் நியூரம்பர்க்கு நகரில் வெளியிட்ட படநூல் இவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் ஒவ்வொரு பாடமும் ஒரு மரச்செதுக்குப் படத்துடன் தொடங்கும். படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். அவ்வெண்களே கீழுள்ள இலத்தீன், செருமன் சொற்களுக்கு அருகிலும் இடப்பட்டிருக்கும். பொருளைக் கண்ணால் கண்டபின் பெயரைக் கற்க வேண்டும் என்பது கொமேனியசின் கொள்கை.

இங்கிலாந்தில் ஆர்தர் மீ என்பவர் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியத்தை 1908 இல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். தூரன் பிறந்த ஆண்டும் அதுவே. இந்தியாவில் 1957 இல் கேலிச்சித்திர ஓவியர் சங்கர் தில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். அதே ஆண்டில் நடுவண் அரசின் தேசிய புத்தக அறக்கட்டளையும் தோன்றியது. தமிழகத்தில் 1950 இல் அழ. வள்ளியப்பா முதலானோர் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியிருந்தனர். எனவே சிறுவர்களுக்குக் கதையும் பாட்டும் தமிழில் ஓரளவு கிடைத்தன. ஆயினும் எல்லாத் துறைகளையும் அகரவரிசையில் அடக்கிய பல தொகுதி நூல் இல்லை.

சுருக்கமன்று, வேறு நூல்

பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைச் சுருக்கினால் குழந்தைகளுக்கானது கிடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சுருக்கும்போது எடுத்துக்காட்டுகளும் விளக்கங்களுமே முதலில் நீங்குகின்றன. எஞ்சுவது வரையறைகளும் எண்களும். இவையோ குழந்தைக்கு மிகவும் கடினமானவை. குழந்தைகளுக்கு எழுதுபவர் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்துக்கொண்ட செய்திக்குரிய விளக்கத்தை அதிகமாக்க வேண்டியுள்ளது. தலைப்புகளின் தேர்வும் மாறுகிறது. பெரியவர்கள் தேடும் சட்டம், தத்துவம், பொருளியல் தலைப்புகள் குறைந்து, குழந்தை நாள்தோறும் காணும் பொருள்களுக்கும் கேட்கும் கேள்விகளுக்கும் இடம் தர வேண்டியுள்ளது.

ஒரு துறையின் வல்லுநருக்கு இது எளிதன்று. துறையை அறிந்திருப்பதுடன், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர், குழந்தை உளவியல் நூல்களை எழுதியவர், சிறுவர் கதைகள் எழுதியவர், இருபது ஆண்டுகள் வல்லுநர் கட்டுரைகளைத் திருத்தியவர் என்ற நான்கு தகுதிகளும் ஒருவரிடமே அமைந்திருந்தது இந்நூலுக்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

படங்களின் இடம்

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் பெரிய கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளைக் காட்டிலும் பக்க அளவில் சிறியவை; கட்டுரைகளும் சிறியவை. ஆனால் இதில் படங்களுக்கு அளிக்கப்பட்ட இடம் அதிகம். அன்றைய அச்சு முறையில் படம் சேர்ப்பது செலவு மிக்க வேலை. ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பிளாக் செய்ய வேண்டும். வண்ணப் படமாயின் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளுக்கும் நான்கு பிளாக்குகள் செய்து, ஒரே தாளை நான்கு முறை அச்சிட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று சிறிது விலகினாலும் படம் கலங்கிவிடும்.

இத்தகைய செலவும் உழைப்பும் ஏன் தேவைப்பட்டன என்பதைத் தமிழகத்தின் உள்மாவட்டங்களை எண்ணிப் பார்த்தால் உணரலாம். காட்டாக, அரூர் கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கு வளரும் குழந்தைக்கு மலையும் ஆட்டுமந்தையும் பழக்கமானவை. கடலோ, கப்பலோ, திமிங்கிலமோ பழக்கமானவையல்ல. தொலைக்காட்சி பரவாத அக்காலத்தில் இவற்றைக் காண அச்சிட்ட படமே வழி. திமிங்கிலம் மிகப் பெரியது என்று எழுதுவதால் அதன் அளவு விளங்கிவிடாது. அதன் அருகில் ஒரு யானையை வரைந்து காட்டினால் விளங்கும். எரிமலையின் உட்புறம், பூவின் உறுப்புகள், இதயத்தின் அறைகள் போன்றவற்றையோ நேரில் கண்டாலும் அறிய இயலாது. வெட்டுமுகப் படமும் உறுப்புகளின் பெயர்களும் இருந்தால்தான் அறியலாம். பக்கத்தை அழகுபடுத்துவதுடன் நில்லாமல், விளக்கத்தின் ஒரு பகுதியாகவே படம் இத்தகைய நூல்களில் அமைகிறது.

அகரவரிசையும் மாறும் உலகமும்

பல தொகுதி நூல் ஒன்று எட்டு ஆண்டுகளாக வெளிவரும்போது அதற்குள் உலகம் மாறிவிடுகிறது. அகரத்தில் தொடங்கும் முதல் தொகுதி வெளியான 1968 க்கு அடுத்த ஆண்டிலேயே மனிதன் நிலவில் கால் வைத்தான். அப்பல்லோ என்ற சொல் அகரத்தில் தொடங்குவது. அவ்வெழுத்துக்குரிய தொகுதியோ ஏற்கெனவே அச்சாகிவிட்டது. சந்திரன், விண்வெளி போன்ற பிற்பட்ட எழுத்துகளே இத்தகைய செய்திகளுக்கு இடம் தர முடியும். 1969 சனவரியில் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாற்றம் பெற்றது. 1971 இல் வங்காளதேசம் பிறந்தது. 1972 இல் சிலோன் என்ற ஆங்கிலப் பெயர் சிறீலங்கா என மாறியது. தமிழிலோ முன்பும் பின்பும் அது இலங்கையே. பழைய களஞ்சியங்களைப் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு தொகுதியும் வெளியான ஆண்டை முதலில் பார்ப்பது இதனால் இன்றியமையாதது.

பெரிய கலைக்களஞ்சியத்துக்கும் இது பொருந்தும். அதன் முதல் ஒன்பது தொகுதிகள் வெளிவந்த காலத்தில் தருமபுரி, அரூர், கிருட்டிணகிரி ஆகிய ஊர்கள் சேலம் மாவட்டத்தில் இருந்தன. தருமபுரி மாவட்டம் 1965 இல் உருவாயிற்று; அதிலிருந்து 2004 இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது.

பிற சிறுவர் நூல்கள்

கலைக்களஞ்சியப் பணிக்கு இடையிலும் தூரன் சிறுவர்களுக்குக் கதைகளும் பாடல்களும் எழுதினார். கொல்லிமலைக் குள்ளன், சங்ககிரிக் கோட்டையின் மர்மம் ஆகிய நூல்களின் தலைப்புகளில் இடம்பெறும் கொல்லிமலையும் சங்ககிரியும் கொங்குநாட்டுச் சிறுவர்களுக்கு அறிமுகமான பெயர்கள். தொலைவிலுள்ள உலகத்தைக் களஞ்சியத்தின் வழியாகவும், அருகிலுள்ள உலகத்தைக் கதையின் வழியாகவும் குழந்தைகளிடம் இவர் கொண்டுசென்றார்.

தேசிய புத்தக அறக்கட்டளைக்காக ஜமால் ஆரா எழுதிய பறவைகள் பற்றிய சிறுவர் நூலைப் பறவைகளைப் பார் என்ற பெயரில் தூரன் தமிழாக்கினார். படங்களைக் கொண்டு நம் ஊர்ப் பறவைகளை இனங்காணக் கற்பிக்கும் நூல் இது. பின்னாளில் தமிழில் பறவை நோக்குதல் பற்றி எழுதியவர்களிடையே இந்நூல் மதிப்புடன் நினைக்கப்படுகிறது. ஜாக் லண்டனின் புகழ்பெற்ற நாய்க் கதையையும் கானகத்தின் குரல் என்ற பெயரில் மொழிபெயர்த்துள்ளார்.

நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்த முன்னோடிகளுள்ளும் இவர் ஒருவர். காற்றில் வந்த கவிதை என்பது இவருடைய நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு.

இசைப்பணி

தூரன் தமிழிசை இயக்கத்தின் காலத்தில் வாழ்ந்த முக்கியமான பாடலாசிரியர்களுள் ஒருவர். கருநாடக இசை முறைக்கேற்ப நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை இயற்றினார். இவற்றுள் பல முருகனைப் பற்றியவை. இசைமணி மாலை, முருகன் அருள்மணி மாலை, கீர்த்தனை அமுதம் முதலியவை இவருடைய இசைப்பாடல் நூல்கள். இவர் பாடல்கள் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

விருதுகள்

- 1968: பத்ம பூசண் - இந்திய அரசு
- 1972: இசைப் பேரறிஞர் - தமிழ் இசைச் சங்கம், சென்னை

பத்ம பூசண் வழங்கப்பட்ட 1968 ஆம் ஆண்டே கலைக்களஞ்சியத்தின் இறுதித் தொகுதியும் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளியான ஆண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவு

இறுதி ஆண்டுகளில் பக்கவாத நோயால் துன்புற்ற தூரன், 1987 சனவரி 20 ஆம் நாள் தமது 78 ஆம் வயதில் காலமானார். பின்னர் இவருடைய நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 2022 இல் தமிழ் விக்கி என்னும் இணையக் கலைக்களஞ்சியம், தமிழ்ப் பண்பாட்டு ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருதொன்றை இவர் பெயரில் ஏற்படுத்தியது.

பணியின் மதிப்பும் இன்றைய நிலையும்

தூரன் தொடங்கிவைத்த பணி பிறரால் தொடரப்பட்டது. 1981 இல் தஞ்சாவூரில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் ஆகியவற்றைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா தன்னார்வலர்களால் எழுதப்பட்டு வருகிறது. கலைச்சொல் தேர்வு, தலைப்பொருமை, உலகச் செய்திக்கும் உள்ளூர்ச் செய்திக்கும் இடையிலான சமநிலை என இன்றைய இணையக் களஞ்சியங்களில் விவாதிக்கப்படும் சிக்கல்கள் பலவும் 1948 இல் தூரனின் குழுவினர் எதிர்கொண்டவையே. அவர்களுக்கு ஒரு வேறுபாடு இருந்தது: அச்சானபின் திருத்த இயலாது.

இரு கலைக்களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையத்தளத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்க இயலாத ஊர்ப்புறப் பள்ளி மாணவரும் இன்று இவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை இன்றைய குழந்தையிடம் அப்படியே கொடுப்பதில் இரு இடர்கள் உள்ளன. ஒன்று, 1978 இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சான இத்தொகுதிகளில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் உள்ளன. புதிய வடிவங்களை மட்டும் கற்ற குழந்தை அவற்றின் முன் தடுமாறும். மற்றொன்று, செய்திகள் பழமையடைந்துவிட்டன. காட்டாக, அக்கால நூல்கள் அனைத்தும் ஒன்பதாம் கோளாகக் கூறிய புளூட்டோ 2006 இல் குறுங்கோள் வகையில் சேர்க்கப்பட்டது.

எனவே இத்தொகுதிகளின் இன்றைய பயன் அவற்றிலுள்ள தகவல்களைவிட அவற்றின் முறையிலேயே மிகுதியாக உள்ளது எனலாம். ஒரு பொருளைக் குழந்தைக்கு எவ்வளவு சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, எந்த இடத்தில் படத்திடம் விட்டுவிடுவது என்பவற்றை இவற்றிலிருந்து கற்கலாம். தமிழில் சிறுவர்களுக்காக எழுதும் எவருக்கும், குறிப்பாக இணையத்தில் எழுதும் தன்னார்வலர்களுக்கு, இப்பத்துத் தொகுதிகளும் இன்றும் பயிற்சி நூலாக அமையும்.

எழுதிய நூல்கள் (முழுமையற்ற பட்டியல்)

சிறுவர் நூல்கள்
- மாயக்கள்ளன்
- சூரப்புலி
- கொல்லிமலைக் குள்ளன்
- சங்ககிரிக் கோட்டையின் மர்மம்
- ஓலைக்கிளி
- தம்பியின் திறமை
- மஞ்சள் முட்டை
- ஆனையும் பூனையும்
- பறக்கும் மனிதன்
- நிலாப் பாட்டி
- நல்ல நல்ல பாட்டு

கவிதை
- இளந்தமிழா
- மின்னல் பூ
- நிலாப் பிஞ்சு
- பட்டிப் பறவைகள்

சிறுகதை
- மாவிளக்கு
- உரிமைப் பெண்
- தங்கச் சங்கிலி
- காளிங்கராயன் கொடை

நாடகம்
- காதலும் கடமையும்
- அழகு மயக்கம்
- மனக்குகை
- பொன்னியின் தியாகம்

கட்டுரை
- பூவின் சிரிப்பு
- தேன்சிட்டு
- காட்டு வழிதனிலே

உளவியல், அறிவியல்
- குழந்தை உள்ளம்
- குமரப் பருவம்
- தாழ்வு மனப்பான்மை
- அடிமனம்
- மனமும் அதன் விளக்கமும்
- பாரம்பரியம்
- கருவில் வளரும் குழந்தை

பதிப்பும் தொகுப்பும்
- பாரதி தமிழ் (1953)
- கலைக்களஞ்சியம், 10 தொகுதிகள் (1954 - 1968)
- குழந்தைகள் கலைக்களஞ்சியம், 10 தொகுதிகள் (1968 - 1976)
- காற்றில் வந்த கவிதை

மேலும் பார்க்க
- தி. சு. அவினாசிலிங்கம்
- அபிதான சிந்தாமணி
- அழ. வள்ளியப்பா
- தமிழ் வளர்ச்சிக் கழகம்